முழுதாக வந்த பணம்

துதுயிலா தீவு,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

அன்புள்ள மகன் நிகோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், சுகம் என்றால் காய்ச்சல் இல்லை, கைகால் ஓடுகிறது, வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான், அதற்கு மேல் தோண்டிக் கேட்காதே. நீயும் அங்கே அந்த அளவுக்காவது சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ இரண்டு வார்த்தை பேசுகிறாய், நான் ஒரு வார்த்தை பேசுகிறேன், பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம், அதற்கும் காசு போகிறது. அதனால்தான் காகிதம். வியாழக்கிழமை விமானத்தில் போதகர் வீட்டு மருமகள் ஹொனொலுலு போகிறாள், அங்கே இறங்கியதும் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு பொட்டலம் கோகோ வருகிறது, நம் மரத்துக் காய்தான், நானே வறுத்து இடித்தது, கூடப் படிக்கிற பையன்களுக்கு வாரி இறைக்காதே, உனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழை விட்டபாடில்லை. அப்பாவின் கல்லறைக்கு ஓடு பதித்தாகிவிட்டது, வெள்ளையும் நீலமுமாக, வாசலுக்கு நேரே நன்றாகத்தான் இருக்கிறது, உன் அக்கா சியெனியின் பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறார்கள், வெயில் வந்தால் துணியும் அதன் மேல்தான் காய்கிறது, அவருக்குக் கூட்டம் பிடிக்கும் என்று நானும் யாரையும் விரட்டுவதில்லை. அவர் ஓட்டிய பஸ்ஸை இப்போது பெரியப்பா மகன் லாஃபாயேலே ஓட்டுகிறான், பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டான், பின்கண்ணாடிக்குக் கீழே அப்பா எழுதிய உன் புட்பால் சட்டை எண்ணை மட்டும் அழிக்கவில்லை. தினமும் காலையில் அதில் ஏறித்தான் மீன் பாக்டரிக்குப் போகிறேன், ஏறும்போது ஏதாவது தோன்றும் என்று முதலில் பயந்தேன், ஒன்றும் தோன்றவில்லை, சில்லறை கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கையில் மீன் வாடை இருப்பதே எனக்குத் தெரிவதில்லை. போன வாரம் கோகோவில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு முழுக் கோப்பையும் குடித்துவிட்டேன், சியெனி ஒரு வாய் வைத்துவிட்டு, என்னம்மா இது, கடல் தண்ணியக் காய்ச்சி வச்சிருக்க என்று துப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அதுபோல மேலெல்லாம் இருக்கிறது. அக்டோபரில் அவர் போனதிலிருந்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரில் இதைப் பேசுகிறார்கள் என்று தெரியும். பேசட்டும் என்றுகூட எனக்குத் தோன்றுவதில்லை.

இப்போது நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வண்டி விற்கிற கடைக்காரன் கொடுத்த விளம்பரப் பணத்துக்கு வரி கட்ட வேண்டும், ஆறாயிரத்துக்கு மேல் வருகிறது, ஏப்ரல் நடுவில் கெடு, கையில் நூறு டாலர்கூட இல்லை என்றாய். சரி என்றேன். அப்புறம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவரைப் பார்த்தேன், சேர்ந்தால் கையில் ஒரு தொகை கொடுப்பார்கள், மாதக் கடைசியில் கையெழுத்து என்றாய். படிப்பு என்று நான் கேட்டதற்கு, ஒரு வருஷம்தானம்மா பாக்கி, அப்புறம் பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டாய். ஒரு வருஷம்தானே பாக்கி என்றால் அதை முடிக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது, உனக்கு எப்படித் தலைகீழாகப் படுகிறது என்று தெரியவில்லை. நம் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, உன் மாமாவும் போனவர்தான், முழங்காலை அங்கே விட்டுவிட்டு வந்தார். விருப்பப்பட்டு நீ போவதாக இருந்தால் நான் மாலை போட்டு அனுப்புவேன். வரிக்குப் பயந்து போகிறேன் என்கிறாய், அதற்கு நான் மாலை கட்ட மாட்டேன்.

அந்தப் பணம் வந்த கதையை நான் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், இரவெல்லாம் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், படுத்தால் கல் மாதிரி தூங்கிவிடுகிறேன், பாக்டரியில் மீன் தலையைக் கிள்ளிக்கொண்டே யோசித்தேன். காலேஜில் விளையாடுகிற பிள்ளைகள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் மாறியதும், அந்தக் கடைக்காரன் உன்னைத் தேடி வந்தான். உன்னை இடுப்புத்துணி கட்டி, காதில் பூ வைத்து, வண்டியின் பின்பக்கத்தை ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி நிற்க வைத்துப் படம் எடுத்தான். நீ படிக்கிற ஐடஹோவில் பனி பெய்கிறது, இந்தப் பையன் வெறும் மார்போடு நிற்கிறானே என்று நான் கவலைப்பட்டேன், உன் அப்பா சிரித்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுத்துக்கொண்டே அந்தப் படத்தை நர்சுகள் எல்லோருக்கும் காட்டினார். என் மவனும் வண்டிதான், நானும் வண்டிதான், என்ன, அவன் மூஞ்சிய வெளிய ஒட்டியிருக்கான், நான் உள்ள உக்காந்திருக்கேன் என்றார். அந்த வண்டியையும் உனக்கு ஒரு வருஷம் ஓட்டக் கொடுத்தார்கள், கதவில் உன் படத்தோடு. பணமும் வந்தது, இருபத்திரண்டாயிரம், ஒரு காசு பிடித்தம் இல்லாமல். அதுதான் எங்களை ஏமாற்றியது என்று இப்போது தெரிகிறது.

அப்பா போன அன்று நான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உன்னோடு பேசியது பெரியப்பா அபெலுதான். நீ வருகிறேன் என்று சொன்னதும், பயிற்சியாளர் போகச் சொல்லிவிட்டார் என்று சொன்னதும், அதற்குப் பெரியப்பா, வாரத்துக்கு ரெண்டு பிளேன், நீ வந்து சேர்றதுக்குள்ள மண்ணு போட்டிருவோம், அந்த டிக்கெட் காசையும் சேத்து அனுப்பு, உங்கப்பனுக்கு அதுதான் மரியாதை என்று சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரியும், அதுவும் சியெனி சொல்லி. பெரியப்பா கெட்டவர் இல்லை, குடும்பத் தலைவர், அவர் தலையில்தான் எல்லாம் விடிகிறது, தன் படகு இன்ஜினை விற்று இந்தச் சாவுக்குப் போட்டார், ஒரு பன்றி பாக்கி வைக்கவில்லை. நீ எல்லாவற்றையும் அனுப்பினாய். வந்தது வந்தபடி.

சாவு எப்படி நடந்தது என்று உனக்கு வீடியோவில் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு குடும்பமாக முறை செய்கிற பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள், நம் பேச்சுக்காரர் முற்றத்தின் நடுவில் கம்பை ஊன்றி நின்று யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று உரக்கச் சொன்னார், பிறகு நாம் திருப்பிக் கொடுத்தோம், டின் இறைச்சிப் பெட்டி, உப்பு இறைச்சி வாளி, போதகர்களுக்குப் பண உறை, உட்கார்ந்தவர்களுக்கு உறை, நின்றவர்களுக்கு உறை. நம் வீட்டுச் சார்பில் யார் என்ன போட்டார்கள் என்று சொல்லும்போது உன் பேரைத்தான் முதலில் சொன்னார், உவேலெசேயின் மகன் ஃபலனிகோ, கடலுக்கு அப்பால் இருந்து, என்று தொகையைச் சொன்னார். கூட்டம் முழுவதும் மாலோ மாலோ என்று வாழ்த்தியது. நான் தலையைத் தூக்கி நீ எங்கே நிற்கிறாய் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, இல்லை என்று ஞாபகம் வந்து, மறுபடி கீழே பார்த்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது, அந்தப் பணம் நம் வீட்டில் ஒரு ராத்திரி தங்கவில்லை. தங்காத பணம் என் மகனுடைய வருமானம் என்று ஒருவன் கணக்கு எழுதி வைத்திருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்.

நீ போனை வைத்த பிறகு சியெனியிடம் கேட்டேன், வங்கியில் வேலை செய்கிறாளே, தெரியாமல் இருக்குமா என்று. அவளுக்கும் இந்த விளம்பரக் கணக்கு தெரியவில்லை. உன்னிடம் நம்பர் வாங்கி உன் காலேஜில் பிள்ளைகளுக்கு வரி சொல்லித்தருகிற அந்த டால்டன் அம்மாவோடு பேசினாள். உன் கணக்கைப் பற்றி அந்த அம்மா வாய் திறக்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லித்தான் சொன்னதாம். சியெனி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள், பாக்டரியில உனக்குச் சம்பளம் தரும்போதே வரியப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தத்தான் தர்றான், தம்பிக்கு யாரும் முதலாளி இல்ல, அவனே ஒரு கடை வச்ச மாதிரி, முதலாளியும் அவன்தான் வேலைக்காரனும் அவன்தான், அதனால முதலாளி கட்ட வேண்டிய பங்கு, வேலைக்காரன் கட்ட வேண்டிய பங்கு ரெண்டையும் அவனே கட்டணும், அதுபோக வருமான வரி, அதுபோக அந்த ஊரு வரி என்று. நான் ஆயுசு முழுக்க என் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற இடத்தைத் திட்டிக்கொண்டே வந்தவள். முழுதாக வருகிற பணம் முழுதாக நம் பணம் என்று நினைத்தது நான் மட்டும் இல்லை, நம் வீட்டில் எல்லோரும்தான்.

ஓட்டக் கொடுத்த வண்டிக்கும் வரி என்றாளே, அதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. வண்டியைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டானே என்றேன். ஓட்டின மாசத்துக்கு வாடகை என்ன ஆகுமோ அதுவும் கூலிதானாம், காசாகக் கொடுத்தாலும் பண்டமாகக் கொடுத்தாலும் ஒன்றுதானாம், விளம்பரத்துக்காகக் கொடுத்த செருப்பு, ஓசிச் சாப்பாடு எல்லாமே அப்படித்தானாம். உன் அப்பா இருந்திருந்தால், அப்ப என் பஸ்ல ஓசியில ஏறுறவன் எல்லாம் வரி கட்டுவானா என்று கேட்டிருப்பார். இதை எழுதும்போது அவர் குரலிலேயே வருகிறது.

பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். கல்லறை மேல் உட்கார்ந்துகொண்டார், தம்பியோடு ஆலோசனை செய்கிறவர் மாதிரி. சாவுக்குக் குடுத்த காசுக்கு எந்த ஊரு அரசாங்கம் வரி கேக்கும், சாமிக்குக் குடுத்தாச்சு, சனத்துக்குக் குடுத்தாச்சு, நம்ம கையில என்ன இருக்கு, அவனுங்க வந்து பாக்கட்டும் என்றார். சியெனி வாசற்படியில் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே, குடுத்ததுக்கு இல்ல பெரியப்பா, வந்ததுக்கு என்றாள். கோயிலுக்குக் குடுத்தா கழிவு உண்டுன்னு சொல்றாங்களேடி என்றார் அவர். போதகர் பேருல உறையில போட்டதுக்கு ரசீது வாங்குனீங்களா, சொந்தக்காரங்களுக்குக் குடுத்த டின்னு எப்படிக் கோயிலுக்குக் குடுத்ததாகும், அப்படியே கோயில்னு வச்சாலும் அந்த முதலாளி வேலைக்காரன் பங்கு இருக்கே, அது ஒரு காசு குறையாது என்றாள். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, வங்கியில கண்ணாடிக்குப் பின்னால உக்காந்தவுடனே எல்லாருக்கும் வாய் நீளுது என்றார். அவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு பின்னலைப் போட்டாள். நான் இரண்டு பேருக்கும் ரொட்டிப்பழம் சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்கள். சாப்பிடாமல் யார் சண்டை போடுவது.

போகும்போதுதான் பெரியப்பா அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னார். புயலில் போன சபை மண்டபக் கூரைக்கு எல்லா வீட்டுக் காணிக்கையும் இந்த ஞாயிறு வாசிப்பார்கள் என்றும், நம் வீட்டுக்கு நிகோ பேரில் ஐயாயிரம் என்று மூப்பரிடம் சொல்லிவிட்டேன் என்றும், நீயும் சரி பெரியப்பா என்று சொல்லிவிட்டாய் என்றும் சொன்னார். பட்டாளத்துல சேர்ற காசுல வரிக்கும் ஆச்சு, கோயிலுக்கும் ஆச்சு, நல்ல பிள்ளை என்றார். அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. நீ வரிக்காக மட்டும் போகவில்லை. நம் வீட்டில் யாரும் உனக்கு வேண்டாம் என்ற வார்த்தையைக் கற்றுக்கொடுக்கவில்லை, நாங்களும் கற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியப்பா வீட்டில் குடும்பம் கூடியது. நான் எப்போதும் போல் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். கூரைக் காணிக்கை பேச்சு வந்ததும் நான் பேச வேண்டும் என்று சொன்னேன், விதவைக்கு மரியாதை என்று விட்டார்கள். உன் பேரை வாசிக்க வேண்டாம் என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை, தொகையைக் கூட்ட வேண்டும் என்கிறேனோ என்று நினைத்து ஒருத்தி ஆமென்கூடச் சொல்லிவிட்டாள். என் மகன் அப்பாவுக்கு எல்லாம் கொடுத்துவிட்டான், கொடுத்ததில் அரசாங்கத்துப் பங்கும் சேர்ந்து போய்விட்டது, அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டில் எதற்கும் அவன் பேரைச் சொல்லக் கூடாது என்றேன். குரல் நடுங்கவில்லை, ஏனென்றால் உள்ளே ஒன்றும் இல்லை, பாக்டரியில் அடுத்த தட்டை நகர்த்து என்று சொல்கிற மாதிரிதான் சொன்னேன். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். ஃபுவா, மூப்பர்கிட்ட பேர் குடுத்தாச்சு, இப்ப எடுத்தா இந்த வீட்டுப் பேரு என்ன ஆகும், பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்றார். சிரிக்கட்டும் பெரியவரே, சிரிக்கிறதுக்கு வரி இல்ல என்றேன். லாஃபாயேலே சிரித்துவிட்டான், அவன் அப்பா திரும்பிப் பார்த்ததும் இருமுகிறவன் மாதிரி எழுந்து போனான். அப்புறம் பெரியப்பாவின் மனைவி, அந்த வாயில்லாப் பூச்சி, என் பக்கம் பார்க்காமலே, பையன் ஒடம்பையே கொண்டுபோய்க் குடுத்துட்டா நாளைக்கு யாரு பேர வாசிப்பீங்க என்றாள். பெரியப்பா, சரி, உன் இஷ்டம், ஆனா உன் வீட்டுக்கு ஒரு காணிக்கை வாசிச்சே ஆகணும் என்றார். வாசியுங்கள், என் சம்பளத்தில் நூறு தருகிறேன் என்றேன்.

அதனால் இனி நீ பெரியப்பாவுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை, நான் சொல்லிவிட்டேன், அவர் போன் செய்தால் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு அம்மாவிடம் பேசுங்கள் என்று வைத்துவிடு. வரிக்கு என்ன செய்வது என்று டால்டன் அம்மா சொன்னதைச் சியெனி எழுதிக் கொடுத்திருக்கிறாள், நான் என் பாஷையில் சொல்கிறேன். பணம் இல்லை என்று கணக்கைக் காட்டாமல் இருந்துவிடாதே, அதற்குத்தான் பெரிய தண்டம், பணம் இல்லாவிட்டாலும் கெடுவுக்குள் கணக்கைக் காட்டிவிடு. காட்டிவிட்டு மாதாமாதம் தவணை கேள், கொடுப்பார்களாம், வட்டி உண்டு, ஜெயில் கிடையாது, உன்னைப் போலப் பணம் வந்ததும் செலவழித்துவிட்டு முழிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்களாம், நீ ஒருத்தன் மட்டும் இல்லை. அந்த வண்டியில் கடைக்காரனுக்காகப் படம் எடுக்கப் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போனது, அந்தப் பெட்ரோல், உனக்காகப் பேசியவனுக்குக் கொடுத்த தரகு எல்லாம் செலவாகக் கழியுமாம், துண்டுச் சீட்டு இருந்தால் தேடி எடு. அடுத்து எவன் பணம் கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கைத் தனியே ஒரு கணக்கில் போட்டு மறந்துவிடு, அது உன் பணம் இல்லை, என் பணமும் இல்லை, வருஷத்துக்கு நான்கு தடவை அதிலிருந்து கட்டிக்கொண்டே வா, வருஷக் கடைசிக்கு வைக்காதே. பட்டாளத்தில் சேரும்போது கொடுக்கிற தொகைக்கும் வரி பிடித்துத்தான் கொடுப்பார்களாம், சியெனி கேட்டுவிட்டுச் சொன்னாள். வரிக்குப் பயந்து ஓடுகிறவன் இன்னொரு வரியிடம் போய் நிற்பது என்ன சாமர்த்தியம் என்று கேட்கச் சொன்னாள், நான் கேட்டுவிட்டேன். கையெழுத்துப் போடாதே. சாக்ஸ் நனைந்தால் மாற்று, அப்படியே படுத்துவிடாதே.

இன்றைக்கு ஆராதனையில் வாசித்தார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன். வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். மூப்பர் ஒவ்வொரு வீட்டுத் தலைவர் பேராகச் சொல்லித் தொகையைச் சொன்னார், இரண்டாயிரம், மூவாயிரம், பெரியப்பா அபெலு ஆயிரத்து ஐந்நூறு, எங்கே கடன் வாங்கினாரோ. இத்தனை வருஷமும் அபெலுவுக்கு அடுத்து உவேலெசே என்று வரும், எனக்கு அது மனப்பாடம், அடுத்தது அவர் பேர் என்று காத்திருந்தேன். மூப்பர், ஃபுவாதினோ, நூறு டாலர் என்றார். யாருடைய பேரோ என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்ததும்தான் அது நான் என்று தெரிந்தது. உன் பணத்தை வாசித்திருந்தால் உவேலெசேயின் மகன் என்று ஆரம்பித்திருப்பார்கள், அவர் பேர் ஒரு தடவை அந்தக் கோயிலில் கேட்டிருக்கும், நானும் வழக்கம்போல உட்கார்ந்திருப்பேன். என் பணம் என்பதால் என் பேர். வீட்டுத் தலைவர் இடத்தில் என் பேர். மகனே, உன் அப்பா செத்துவிட்டார். எனக்கு இன்றைக்குத்தான் அது தெரிந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, தொப்பி விழுந்து உருண்டு போகிற அளவுக்கு அழுதேன், மூப்பர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நூறு டாலர் வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. வெளியே வந்ததும் பெரியப்பா தொப்பியை மண் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார், அவர் கண்ணும் சிவந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டபோது தேங்காய்ப்பாலில் சியெனி உப்புக் குறைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

நீ அங்கே அழுதாயா என்று நான் இதுவரை கேட்கவில்லை. ஆட்டம் இருந்தது, கேமரா இருந்தது, கடைக்காரன் இருந்தான், எங்கே அழுதிருப்பாய். நம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து முற்றத்தில் பேரை வாசித்துவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் மரத்துப்போய் நின்றோம். நான் உன் மேல் வருத்தப்படவில்லை, நீ கேட்டதைச் செய்தாய். ஆனால் எனக்கு அன்றைக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, நீ வேண்டியிருந்தாய், இதை யாராவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அதனால் நான் சொல்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் முழங்காலையும் முதுகையும் எதிரே வந்து மோதுகிறவனிடமிருந்து காப்பாராக, அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஏப்ரல் கெடுவை மறக்காதே, தவணைக்கு எழுதிக் கேள், பட்டாளத்துக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பு, படிப்பை முடி. வீட்டுக்கு ஒரு டாலர் அனுப்பாதே. தவணை போக ஏதாவது மிஞ்சினால் ஒரு விமான டிக்கெட்டுக்கு என்று சேர்த்துக்கொண்டே வா, எத்தனை வருஷம் ஆனாலும் சரி, அதில் யாருக்கும் கை வைக்க இடம் கொடுக்காதே. நாளைக்கு எனக்கு ஒன்று நடந்து, யாராவது உனக்குப் போன் செய்து எவ்வளவு அனுப்புகிறாய் என்று கேட்டால், அம்மா வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள் என்று இந்தக் காகிதத்தைக் காட்டு. பேச்சுக்காரர் முற்றத்தில் நின்று உன் பேரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கட்டும். ஊர் பார்க்கட்டும். என் சாவுக்கு நீ வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஃபுவாதினோ